ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய ஜபலா: தமிழ்நாட்டில் தையல் கல்வி

ஈரோட்டில் மருந்துக்கடை ஒன்றின் மாடியில் நடக்கும் தையல் வகுப்புக்குப் போயிருந்தேன். ஆறு மெஷின்கள். ஒன்றுக்கு பெல்ட் அறுந்து கிடந்தது. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண் ஒருவர் தன் ரெக்கார்டு நோட்டைக் காட்டினார். முதல் பக்கங்களில் நூலோட்டம், பின்தையல், சங்கிலித் தையல், ஹெம்மிங். அடுத்து காஜா, பிரஸ் பட்டன், கொக்கி வைத்தது, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டது. கடைசிப் பக்கங்களில் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜபலா, அதைவிடச் சிறிய ஒரு நிக்கர், பொம்மைக்குப் போடலாம் போன்ற ஒரு ஃபிராக். எல்லாம் பிசிறில்லாமல், ஓரம் நேராக, பார்க்கவே ஆசையாக இருந்தன. "நீங்க போட்டிருக்கிற ஜாக்கெட்டும் நீங்களே தைச்சதுதானா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "இல்லீங்க, இது கடையில குடுத்தது. நானே தைச்சுப் போட்டா கையைத் தூக்க வர மாட்டேங்குதுங்க."

அவருடைய கையில் குறையில்லை. அந்த ஹெம்மிங்கை எந்தக் கடைக்காரரும் ஏற்றுக்கொள்வார். அவருக்குச் சொல்லித்தரப்பட்டது துணி. துணிக்குள் இருந்து அசையும் உடம்பைப் பற்றி அந்த நோட்டில் ஒரு பக்கமும் இல்லை. தமிழ்நாட்டில் தையல் சொல்லித்தரும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. தேர்வு வகுப்பு, ஐ.டி.ஐ., தையல் கடை, திருப்பூர் கம்பெனி, ஃபேஷன் கல்லூரி, யூடியூப் என்று நீளும் அந்த வரிசையில் ஒவ்வொன்றும் எதைக் கற்றுத்தருகிறது, எதை விட்டுவிடுகிறது என்று பார்த்துக்கொண்டே போனால், அநேகமாக எல்லாரும் ஒரே இடத்தில்தான் விடுகிறார்கள்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து வரலாம். தமிழ் பேசும் பெண்களுக்கு ஊசிவேலையைப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லித்தந்த முதல் முயற்சிகளில் ஒன்று நாகர்கோவிலில் நடந்தது. 1819இல் லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட்டோடு அங்கு வந்த அவர் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். லேஸ் என்பது தையலே அல்ல. திண்டு ஒன்றில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. அது ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கு விலைபோனது. அந்தக் காசில் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. மால்ட்டின் மகள் எலைசா, ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனபோது அதே வேலையை அங்கும் கொண்டுபோனார். அதே காலத்தில், நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூர் மண்ணில், மேலாடை அணிய உரிமை கேட்டுத் தோள்சீலைப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. மிஷன் பெண்கள் தைத்துக் கொடுத்த தொளதொளப்பான குப்பாயத்தைப் போட்டதற்காக அடி வாங்கியவர்கள் உண்டு. ரவிக்கை போடலாம் என்று அரசாணை வந்தது 1859இல். ஆக நம் ஊரில் தையல் கல்வி தொடங்கியபோதே அதில் இரண்டு பாடங்கள் இருந்தன. ஒன்று விற்பதற்கு லேஸ், இன்னொன்று உடுத்துவதற்குக் குப்பாயம். பிற்பாடு பாடத்திட்டத்தில் பிழைத்தது முதலாவதன் வழிவந்த அலங்காரத் தையல்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மெஷின் வந்த கதையில் காந்தி வருகிறார். ஐசக் சிங்கர் தன் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். 1870களில் அது இந்தியச் சந்தைக்கு வந்தது. இயந்திரங்களை எதிர்த்தவர் என்று பெயர் வாங்கிய காந்தி, தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். 1924 நவம்பர் 'யங் இந்தியா'வில் அந்த உரையாடல் இருக்கிறது. மனைவி கையால் தைத்துப் படும் பாட்டைப் பார்த்து, அவள்மேல் வைத்த அன்பால் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்று காந்தி உருகிச் சொல்கிறார். உண்மையில் சிங்கர் ஒரே சமயத்தில் பல குடும்பங்கள் நடத்திய மனிதர். அந்தக் கதை அவருக்கு ஐந்து வருடம் முன்பே காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹோவைப் பற்றிச் சொல்லப்படுவது. ஆள் மாறிவிட்டது, போகட்டும். அன்று காந்தியிடம் கேள்வி கேட்ட இளைஞர் ஜி. ராமச்சந்திரன். அவரும் அவர் மனைவி டாக்டர் சௌந்திரமும் சேர்ந்துதான் 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். சிங்கர் என்ற பெயரோ இங்கே தொழிற்பெயராகவே ஆகிவிட்டது. திருப்பூர் சுவரொட்டிகளில் 'சிங்கர் டைலர், ஓவர்லாக் டைலர், பேட்லாக் டைலர் தேவை' என்று இன்றும் போடுகிறார்கள். அங்கே ஓடும் மெஷின் ஜூக்கியாகவோ ஜாக்காகவோ இருக்கும். நேர்த்தையல் போடுகிறவர் சிங்கர் டைலர்தான்.

இனி அந்த ரெக்கார்டு நோட்டுக்கு வருவோம். அதை எழுதச் சொன்னது அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வு. ஓவியம், இசை, நெசவு ஆகியவற்றோடு தையலுக்கும் லோயர், ஹையர் என்று பேச்சில் வழங்கும் இரண்டு நிலைகள் உண்டு. இவற்றை முடித்துவிட்டு, கோடை விடுமுறையில் 42 நாள் நடக்கும் தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சியையும் முடித்தால் பள்ளியில் தையல் சிறப்பாசிரியர் ஆகலாம். இதை நம்பித்தான் ஒரு தலைமுறைப் பெண்கள் இந்த வகுப்புகளுக்குப் போனார்கள். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தபோது அதில் தையல் ஆசிரியர்களும் இருந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டிருப்பது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் சிறப்பாசிரியர் பணிக்குத் தேர்வு வைத்தபோது தையலும் அதில் ஒரு பிரிவு.

ஆசிரியர் வேலைக்குத் தகுதி என்று வந்துவிட்டால் எந்தப் பாடமும் தேர்வுத்தாளுக்கு ஏற்றபடி வளையும். தேர்வு மேசையில் சில மணி நேரத்தில் தைத்துக் காட்டி, திருத்துகிறவர் கையில் எடுத்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்றால் ஜபலாவைவிட வசதியான உடுப்பு கிடையாது. ஜபலா போடும் கைக்குழந்தைக்கு இடுப்பில்லை, மார்பில்லை, முன்பின் வேறுபாடு அதிகமில்லை. எப்படித் தைத்தாலும் போட்டுவிடலாம், அழுக்காவதற்குள் வளர்ந்துவிடும். திருத்துகிறவர் தையலின் நீளத்தைப் பார்ப்பார், மூலை மடிந்ததைப் பார்ப்பார். யாருக்காவது போட்டுப் பார்த்தாரா? அதற்குக் கேள்வித்தாளில் இடம் இல்லை. இதில் ஆசிரியைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த ஈரோட்டு ஆசிரியையே ஒப்புக்கொண்டார்: "ஃபிட்டிங் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு மாசம் ஆகுங்க. பரீட்சைக்கு யாரு படிக்கிறது?"

சான்றிதழுக்கு இன்னொரு பயனும் வந்து சேர்ந்தது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் விண்ணப்பிக்கிறவர்களிடம் தையல் தெரியும் என்பதற்குச் சான்று கேட்பார்கள். விதவைகள், கணவனால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கான திட்டம் அது. மெஷின் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வந்த மெஷினில் பாவாடைக்கு ஓரம் அடிப்பது, புடவைக்கு ஃபால்ஸ் வைப்பது, தலையணை உறை தைப்பது நடக்கிறது. தெருவில் அதிகக் காசு தருகிற வேலை ஜாக்கெட். அது வேறு கடைக்குப் போகிறது. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் (2023) 18 தொழில்களில் தையலும் ஒன்று. அதில் அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள். ஐந்து நாளில் ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஏதாவது நினைவூட்டலாம். ஐ.டி.ஐ.யில் ஒரு வருடப் படிப்பாக இருக்கும் தையல் தொழில்நுட்பப் பிரிவு இவை எல்லாவற்றையும்விட முறையானது, மெஷின் பராமரிப்பு உட்பட. ஆனால் அதன் பார்வையும் பெரும்பாலும் தொழிற்சாலைப் பக்கமே திரும்பியிருக்கிறது.

சரி, அந்த ஜாக்கெட் போய்ச் சேரும் கடையில் என்ன நடக்கிறது?

பழைய தையல் கடையில் பையன் காஜா எடுக்கச் சேருவான். ஒரு வருடம் காஜா, பட்டன். அப்புறம் ஹெம்மிங், கொக்கி, இஸ்திரி. கடை மூடிய பிறகு காலி மெஷினில் பழைய துணியை ஓட்டிப் பார்ப்பான். மூன்றாம் வருடம் நேர்த்தையல் தருவார்கள். கத்தரி மட்டும் மாஸ்டர் கையை விட்டு இறங்காது. வெட்டும்போது பையனை டீ வாங்கிவர அனுப்பிவிடும் மாஸ்டர்களைப் பற்றி இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். தையல் என்பது கைப்பழக்கம், கட்டிங் என்பதுதான் சொத்து. இந்த முறையில் பாடப்புத்தகம் இல்லை, சம்பளமும் இல்லாத குறைதான். ஆனால் ஒன்று இருந்தது. தைத்ததை ஆள் வந்து போட்டுப் பார்த்து, கண்ணாடி முன் நின்று, "முதுகுல தூக்குது" என்று திட்டிவிட்டுப் போவார். பையன் அதைக் கேட்பான், மாஸ்டர் எந்தத் தையலைப் பிரிக்கிறார், எத்தனை நூல் அகலம் உள்ளே எடுக்கிறார் என்பதைப் பார்ப்பான். பிரித்துத் தைப்பதுதான் அவனுக்குப் பாடமாக இருந்தது. ரெடிமேட் வந்து ஆண்கள் சட்டை தைப்பதை நிறுத்திய பிறகு காஜா பையன்களும் போய்விட்டார்கள். அது குழந்தை உழைப்பு, போனது நல்லதே. அவனோடு சேர்ந்து பிரித்துத் தைக்கும் பாடமும் போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அந்தக் கடையிலும் பெண்களின் ஜாக்கெட் விஷயத்தில் ஒரு திரை இருந்தது. அதன் பெயர் அளவு ஜாக்கெட். தைப்பவர் ஆண், தைத்துக்கொள்பவர் பெண். டேப்பை வைத்து அளவெடுப்பது இரு தரப்புக்கும் சங்கடம். எனவே ஏற்கெனவே நன்றாக இருக்கிற ஒரு ஜாக்கெட்டைத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். மாஸ்டர் அதை விரித்து, மடித்து, சாக்கால் கோடு போடுவார். அது துவைத்துத் துவைத்துத் தளர்ந்ததாக இருக்கும். கொடுத்தவர் அதற்குப் பிறகு இரண்டு பிள்ளை பெற்றிருப்பார். முதல் ஜாக்கெட்டின் கோணல் தோள் அடுத்ததற்கும், அதிலிருந்து அதற்கடுத்ததற்கும் வாரிசாகப் போகும். பல பெண்களுக்குத் தங்கள் மார்பளவு எத்தனை இஞ்ச் என்று இன்றைக்கும் தெரியாததற்குக் காரணம் இதுதான். ஆக வகுப்பில் உடம்பு வராததற்குத் தேர்வு காரணம், கடையில் வராததற்கு வெட்கம் காரணம். இப்போது தையல் பெண்கள் கைக்கு வந்துவிட்டது, வெட்கத்துக்கு வேலையில்லை. ஆனாலும் அளவு ஜாக்கெட் பழக்கம் விடவில்லை. "அளவு ஜாக்கெட் குடுத்துட்டுப் போங்கக்கா" என்பதே முதல் வார்த்தை.

கட்டிங் புத்தகங்களிலும் இந்தப் பிணக்கு இருக்கிறது. இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மார்பளவை மட்டும் எடுத்துக்கொண்டு தோள், கைக்குழி ஆழம், கழுத்து எல்லாவற்றையும் அதன் பின்னங்களாகக் கணக்குப் போடுவது. மற்றது, ஒவ்வோர் அளவையும் ஆளிடமிருந்தே எடுப்பது. முதலாவது வேகமானது, மனப்பாடத்துக்கு ஏற்றது, தேர்வுக்குச் சரி. மார்பு பெருத்தால் தோளும் அதே விகிதத்தில் அகலும் என்று அது நினைத்துக்கொள்கிறது. நாற்பது வயதில் எடை கூடிய எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தோள் எலும்பு வளர்வதில்லை என்று சொல்வாள். அவளுக்குக் கணக்குப்படி வெட்டிய ஜாக்கெட் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும்.

அந்த ஈரோட்டுப் பெண்ணின் கை தூக்க வராத விவகாரத்தை இங்கே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கை இறுக்கினால் புதிதாகத் தைப்பவர்கள் உடனே செய்வது, அடுத்த ஜாக்கெட்டில் கைக்குழியைக் கீழே இறக்கிப் பெரிதாக வெட்டுவது. அறிவுக்கு அதுதான் சரியென்று படும். நடப்பது நேர்மாறு. கைக்குழியின் அடிப்பகுதி அக்குளிலிருந்து ஒன்றரை இஞ்ச் கீழே போய்விட்டால், கை அங்கேதான் உடம்போடு தைக்கப்பட்டிருக்கிறது என்று ஆகிறது. கையைத் தூக்கினால் பக்கவாட்டுத் துணி முழுவதும் கூடவே எழும்புகிறது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற பெண்ணின் ஜாக்கெட் பட்டியோடு மேலே ஏறுவது இதனால்தான். கைக்குழி அக்குளை ஒட்டி உயரமாக இருந்தால் கை மட்டும் உயரும், பட்டி இருந்த இடத்தில் இருக்கும். அடுத்தது கையின் தலைமேடு. மேடு உயரமாக வெட்டிய கை, தொங்கவிடும்போது சுருக்கமே இல்லாமல் அழகாக நிற்கும், தூக்கினால் பிடிக்கும். மேட்டைக் குறைத்து அகலத்தைக் கூட்டினால் தாராளமாகத் தூக்கலாம், தொங்கும்போது அக்குளில் இரண்டு மடிப்பு விழும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. போட்டோவுக்கு நிற்கப்போகிறவரா, மாவு பிசையப்போகிறவரா என்று கேட்டுவிட்டுத்தான் கோடு போட வேண்டும். இதைச் சொல்லித்தர ஒரு மணி நேரம் போதும், இரண்டு காடாத் துணி ஜாக்கெட்டும் ஒரு ஆளும் இருந்தால். நான் பார்த்த எந்த வகுப்பிலும் காடாத் துணியில் முன்கூட்டித் தைத்துப் போட்டுப் பார்க்கும் பழக்கம் இல்லை. முதல் சோதனையே பட்டுத்துணியில்தான்.

திருப்பூரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அங்கே சொல்லித்தருவது தையல் என்றே எனக்குப் படவில்லை. அது வேகம். கைமடி என்னும் உதவியாளாகச் சேர்ந்து, இரண்டு மாதத்தில் மெஷினில் உட்கார்ந்து, டீ-ஷர்ட்டின் தோள் மூட்டு மட்டும் ஒரு ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கில் அடிக்கக் கற்றுக்கொள்ளலாம். பத்து வருடம் தோள் மூட்டு அடித்தவருக்கு ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கம்பெனிக்கு அது தேவையும் இல்லை. பனியன் துணி இழுபடும், உடம்பின் பிழைகளைத் துணியே பொறுத்துக்கொள்ளும். ஆனால் பலரும் நினைப்பதுபோல அது ஒன்றுமில்லாத வேலையும் அல்ல. ஓவர்லாக் மெஷினில் இழுபடும் துணியை இழுக்காமல் ஓட்டுகிற விரல் பதம் எந்தக் கல்லூரி மாணவிக்கும் வராது. 1997இல் ஏற்றுமதியாளர் சங்கம் முன்னின்று அங்கே ஒரு நிஃப்ட்-டீ கல்லூரியைத் தொடங்கியது. அங்கு படிப்பவர்கள் பெரும்பாலும் மெஷினில் உட்காருகிறவர்கள் அல்ல, மெஷின்களை மேற்பார்வை பார்க்கிறவர்கள்.

ஃபேஷன் கல்லூரி என்ற பேச்சே 1986இல் டெல்லியில் நிஃப்ட் என்னும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம் வந்த பிறகுதான் இங்கு எடுபட்டது. சென்னைக் கிளை 1995இல் வந்தது. அதற்கு முன்பே மனையியல் என்ற பெயரில் கோவை அவினாசிலிங்கம் போன்ற பெண்கள் கல்லூரிகளில் துணியும் உடையும் பாடமாக இருந்தன. இழையைச் சோதிப்பது, சாயம் போகிறதா என்று பார்ப்பது, குடும்பத்துக்கு உடை தைப்பது எல்லாம் அதில் வரும். அதைக் 'கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களின் படிப்பு' என்று கேலி செய்தவர்கள் உண்டு. இப்போது இன்னொரு கோடியில் நிற்கிறோம். ஃபேஷன் டிசைன் என்று பலகை மாட்டிய தனியார் நிறுவனங்கள் பலவற்றில் மாணவிகள் ஒன்பது தலை உயரத்தில் ஒல்லியான உருவங்களை வரைந்து வண்ணம் தீட்டுகிறார்கள். சாதாரண மனிதர் ஏழரைத் தலை உயரம் இருப்பார். நல்ல கல்லூரியில் டம்மி உருவத்தில் துணியைப் போர்த்திக் குத்தி வெட்டக் கற்றுத்தருகிறார்கள். அது மிகவும் நல்ல பயிற்சி. ஆனால் அந்த டம்மி யாருடைய உடம்பு? பெரும்பாலும் வெளிநாட்டு அளவு அட்டவணையின் உடம்பு. இந்தியர்களுக்கென்று ஓர் அளவு அட்டவணை உருவாக்க, 6 நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் நிற்கவைத்து அளக்கும் 'இந்தியாசைஸ்' திட்டத்தை நிஃப்ட் கையில் எடுத்ததே 2018 வாக்கில்தான். அதுவரை ரெடிமேட் கடையில் எம், எல் என்று வாங்கியதெல்லாம் இன்னொருவரின் அளவு ஜாக்கெட்டைப் பார்த்துத் தைத்தது மாதிரிதான்.

பொழுதுபோக்காகத் தைக்க வருகிறவர்கள் தனி ரகம். மகளுக்குப் பாவாடை சட்டை, தனக்கு ஒரு குர்த்தி என்று நினைத்து வருகிறார்கள். ஆறு மாத வகுப்பில் காஜாவோடு முதல் மாதம் போவதைப் பொறுக்க அவர்களுக்குப் பொழுதில்லை. ஆகவே யூடியூப். தமிழில் ஜாக்கெட் கட்டிங் காணொளிகள் அளவில்லாமல் கிடக்கின்றன. சிலவற்றில் சொல்லித்தரும் நேர்த்தியைப் பார்த்து அசந்திருக்கிறேன். சமையலறை மேசையில் துணியை விரித்து, "இந்த இடத்துல முக்கா இஞ்ச் விடுங்க சிஸ்டர்ஸ்" என்று சொல்கிற குரலில் எந்த வாத்தியாரும் தராத தெளிவு இருக்கிறது. எத்தனையோ மாஸ்டர்கள் டீ வாங்க அனுப்பிவிட்டு மறைத்த கட்டிங், யார் வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கும்படி திறந்துவிடப்பட்டிருக்கிறது. இது சாதாரண மாற்றம் அல்ல. குறை என்னவென்றால், அதில் பேசுகிறவர் 36 இஞ்ச் மார்பளவுக்கு வெட்டுகிறார், பார்க்கிறவர் கண்ணாடி முன் தனியாக நிற்கிறார். முதுகில் விழும் மடிப்பை அவரால் பார்க்கவே முடியாது. கருத்துப் பெட்டியில் 'எனக்கு ஷோல்டர் இறங்குது, என்ன பண்ணலாம்?' என்று எழுதினால், பார்க்காமல் யார்தான் என்ன சொல்ல முடியும்? பொழுதுபோக்குத் தையலுக்கு என் ஆலோசனை ஒன்றே: தனியாகத் தைக்காதீர்கள். பக்கத்து வீட்டில் இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு ஒருவர் முதுகை ஒருவர் பாருங்கள்.

நாடகம், நாட்டியம், சினிமா என்று வேடத்துக்குத் தைக்கிற பக்கம் போனால் காட்சி மாறுகிறது. அங்கே உடம்பை விட்டுவிட்டுத் தைக்கவே முடியாது, ஆடுகிறவர் மேடையிலேயே காட்டிக்கொடுத்துவிடுவார். இன்று நாம் பார்க்கும் தைத்த பரதநாட்டிய உடை 1930களில் உருவானது. ருக்மிணி தேவி சென்னையில் இருந்த மேடம் காஸான் என்ற இத்தாலியத் தையல்காரம்மாளின் உதவியோடு அதை வடிவமைத்தார். புடவையை வெட்டி பைஜாமா, முன் விசிறி, இடுப்புப் பட்டை, மேலாக்கு என்று பிரித்துத் தைக்கிறார்கள். கரை எங்கே வர வேண்டும், அரைமண்டியில் விசிறி எந்த அளவு விரிய வேண்டும் என்பதில்தான் திறமை. இதற்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. மயிலாப்பூர் பக்கத்துக் கடைகளில் அப்பாவிடமோ மாமாவிடமோ கற்றவர்கள் தைக்கிறார்கள்.

கூத்தில் இன்னும் கெட்டி. கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கனமில்லாத கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதிப்பார்கள். விடிய விடிய ஆடுகிறவரின் கழுத்து தாங்க வேண்டும் என்பதுதான் அந்த மரத்தைத் தேர்ந்த காரணம். வேடம் கட்டத் தெரியாதவர் ஆடவும் முடியாது. ஒருவருக்கொருவர் கட்டிவிட்டே கற்றுக்கொள்கிறார்கள். சினிமாவில் இதே அறிவு தொழிற்சங்கத்துக்குள் இருக்கிறது. புது வேட்டியை டீத்தூள் கொதித்த தண்ணீரில் முக்கிப் பழசாக்குவது, சண்டைக் காட்சிக்கு ஒரே சட்டையை ஐந்தாகத் தைத்து, டூப் போடுகிறவருக்குத் தொடையிலும் தோளிலும் கூடுதல் இடம் விடுவது எல்லாம் காஸ்ட்யூமர்கள் அண்ணன் தம்பியாகக் கைமாற்றிக்கொண்ட வித்தைகள். இந்தியாவுக்கு முதல் ஆஸ்கரை 'காந்தி' படத்துக்காக 1983இல் கொண்டுவந்த பானு அத்தையா ஓர் உடை வடிவமைப்பாளர். 'ஒரு வடக்கன் வீரகதா'வுக்கு (1989) உடைக்கான தேசிய விருது வாங்கியவர் நம் பி. கிருஷ்ணமூர்த்தி. அத்தையா படித்தது பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில்; கிருஷ்ணமூர்த்தி சென்னை ஓவியக் கல்லூரியிலிருந்து வந்தவர். இருவருமே படித்தது ஓவியம்தான், உடை வடிவமைப்புக்கென்று ஒரு படிப்பை அல்ல. வருடத்துக்கு இருநூறு படம் எடுக்கும் ஊரில், தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவும் ஒலியும் படத்தொகுப்பும் அனிமேஷனும் பட்டப்படிப்பாக இருக்கின்றன. உடைக்கு ஒரு படிப்பு இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்டதாகவும் காணோம். இருபது வருடம் ஸ்டூடியோவில் தைத்த ஒருவரை வாரம் ஒரு நாள் ஐ.டி.ஐ.க்கு அழைத்து, மாணவிகள் தைத்ததைப் போட்டுக்கொண்டு குனியவும் ஓடவும் சொல்லிப் பார்க்கவைத்தால் பாடத்திட்டத்தைத் திருத்தக்கூட வேண்டியிருக்காது.

சென்ற மார்கழிக்கு முன்பு உறவுக்காரப் பெண்ணின் சலங்கை பூஜைக்காக நாட்டிய உடை தைக்கும் கடை ஒன்றுக்குப் போனேன். பத்து வயதுப் பிள்ளை. அறுபதைத் தாண்டிய டெய்லர், நிற்க வைத்து இடுப்பு, தொடை, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, முன் இடுப்பிலிருந்து தொடைகளுக்கு நடுவே பின் இடுப்பு வரை என்று அளந்து ஒரு பழைய டைரியில் எழுதினார். பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "இப்ப அரைமண்டில உக்காரு பாப்பா" என்றார். அவள் உட்கார்ந்தாள். "இன்னும் கொஞ்சம். ஆடும்போது உக்கார்ற மாதிரி." முன் இடுப்பிலிருந்து பின் இடுப்பு வரை மறுபடி அளந்தார். நின்றபோது எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் அதைவிட மூன்று இஞ்ச் கூடுதலாக ஒரு எண் விழுந்தது. "உள்ள ரெண்டு இஞ்ச் மடிச்சு விடறேம்மா, அடுத்த வருஷம் பிரிச்சு விட்டுக்கலாம்" என்று தாயிடம் சொல்லிவிட்டு, பாப்பாவை எழுந்திருக்கச் சொல்ல மறந்து துணியை விரிக்கப் போய்விட்டார். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.